அரை வாக்கியத்து அரசி

ஒரு வீட்டில் பெண்ணின் சொல் எடுபட்டால் "அங்கே அல்லி ராஜ்ஜியம்" என்று சொல்லிச் சிரிப்பது நம் வழக்கம். சொல்கிறவருக்கு அந்த வீட்டின் வரவுசெலவு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே விசாரணையும் தீர்ப்பும் முடிந்துவிடுகின்றன. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஆர்மீனியாவின் அரசி எராத்தோவைப் பற்றி எழுதியதும் இந்த ரகம்தான். ஆர்மீனியர்கள் ஒரு பெண்ணாட்சியையும் முயன்று பார்த்து, கொஞ்ச நாளில் அவளைத் துரத்திவிட்டதாக அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆணின் கதைக்குப் போய்விடுகிறார்.

அவர் எழுதிப் பத்தொன்பது நூற்றாண்டுகள் ஆகின்றன. அந்த அரை வாக்கியம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எராத்தோவைப் பற்றிச் சுருக்கமாக எழுத நேர்கிறவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விடுவதில்லை. ரோமுக்கும் பார்த்தியாவுக்கும் நடுவே ஆட்டுவித்தபடி ஆடிய பொம்மை அவள். அண்ணன் தங்கையே மணந்துகொள்ளும் அளவுக்கு அழுகிப்போன ஒரு வம்சத்தின் கடைசிக் கொழுந்து. அரசியாகத் தனித்து நின்றபோது தாக்குப்பிடிக்க முடியாமல் விரட்டப்பட்டவள். மூன்றும் தவறு என்பது என் கட்சி. அதை நிரூபிக்கப் புதிய கல்வெட்டு எதுவும் தேவையில்லை. அவளைக் குற்றம் சாட்டியவர்கள் எழுதிவைத்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தாலே போதும்.

முதலில் அவள் உட்கார்ந்த நாற்காலியைப் பார்ப்போம். ஆர்மீனியா மலைப் பீடபூமி. யூப்ரடீஸ், டைகிரிஸ், அராஸ் ஆறுகள் அங்கேதான் பிறக்கின்றன. அந்தப் பள்ளத்தாக்குகள் வழியே மேற்கே அனத்தோலியாவுக்கும் தெற்கே மெசபடோமியாவுக்கும் படை இறங்கலாம். அதனால் சிரியாவில் இருந்த ரோமுக்கும் தெசிபோனில் இருந்த பார்த்தியாவுக்கும் அந்த மலை வேண்டும். அராஸ் கரையில் அர்தாஷாத்தைத் தலைநகராக்கிக்கொண்டு கி.மு. 189 வாக்கில் அரசு அமைத்த அர்தாஷெஸின் வம்சத்தில் வந்தவள் எராத்தோ. மகா டிக்ரானின் கொள்ளுப்பேத்தி. அவளுடைய தாத்தா இரண்டாம் அர்த்தவஸ்தெஸை, கி.மு. 34இல் ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி நட்பு பேசி வரவழைத்து, விலங்கிட்டு அலெக்சாந்திரியாவுக்கு இழுத்துப்போனான். அங்கேயே அவர் கொல்லப்பட்டார். அவளுடைய அப்பா மூன்றாம் டிக்ரான் பத்து ஆண்டுகள் ரோமில் பிணையாளாக வாழ்ந்தவர். கி.மு. 20இல் அர்தாஷாத்தில் இருந்த அவருடைய சகோதரர் உறவினர்களால் கொல்லப்பட, ரோமின் பேரரசர் அகஸ்டஸ் தன் வளர்ப்பு மகன் திபேரியஸை அனுப்பி டிக்ரானுக்கு முடிசூட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்கிறேன். டிக்ரான் இறந்தார். மகன் நான்காம் டிக்ரானும் மகள் எராத்தோவும் சேர்ந்து ஆட்சிக்கு வந்தார்கள். ரோம் அவர்களை ஏற்கவில்லை. அகஸ்டஸ் ஓர் அர்த்தவஸ்தெஸை அமர்த்தினார். அவன் தூக்கியெறியப்பட்டான். டிக்ரானும் எராத்தோவும் திரும்ப வந்தார்கள். டிக்ரான் போரில் மாண்டான், எராத்தோ பதவி விலகினாள். ரோம் அரியோபர்ஸானெஸ் என்ற மேதிய இளவரசனை அமர்த்தியது. அவன் விபத்தில் செத்தான். அவன் மகனை அமர்த்தியது. அவன் கொல்லப்பட்டான். யூதேயாவின் ஏரோதுடைய பேரன் ஒருவனை அமர்த்தியது. அவனும் நிலைக்கவில்லை. எராத்தோ மறுபடி வந்தாள். அவளை விரட்டியபின் வோனோனெஸ் வந்தான். அவனும் போனான். கி.மு. 20இலிருந்து கி.பி. 18 வரை, முப்பத்தேழு ஆண்டுகளில் நடந்தது இவ்வளவு.

இந்தப் பட்டியலில் ஒரு பெயர் மட்டும்தான் மூன்று முறை வருகிறது. ரோமின் படையும் பணமும் பின்னால் நின்ற ஆண்கள் ஆளுக்கு ஒரு முறை வந்து ஒரே முறையில் முடிந்துபோனார்கள். எராத்தோ மட்டும் மூன்று முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்படிப்பட்டவளைப் பற்றித்தான் 'தாக்குப்பிடிக்க முடியாதவள்' என்று எழுதுகிறார்கள். கணக்கு தெரிந்தவர் எழுதும் வாக்கியமா இது?

பொம்மை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். டிக்ரானும் எராத்தோவும் இரண்டாம் முறை வந்தது பார்த்தியாவின் ஆதரவோடு என்பது உண்மை. ஆனால் ஆதரவு வாங்குகிறவர் எல்லாம் பொம்மை என்றால், அந்தக் காலத்து மேற்காசியாவில் மனிதர்களே இல்லை. பொம்மையா இல்லையா என்பதை, கயிறு அறுபடும்போது என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கயிறு கி.பி. 1இல் அறுந்தது. அகஸ்டஸ் தன் பேரனும் தத்துப்பிள்ளையுமான காயஸ் சீசரைக் கிழக்கே அனுப்பியிருந்தார். காயஸுக்கு இருபது வயது. பார்த்தியாவில் தகப்பன் இறந்தபின் ஐந்தாம் ஃபிராட்டெஸ் புதிதாக அரியணை ஏறியிருந்தான். ரோமுக்கும் பார்த்தியாவுக்கும் முதலில் நடந்த கடிதப் போரை வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ விவரிக்கிறார். அகஸ்டஸ் 'அரசன்' என்ற பட்டத்தை விட்டுவிட்டு வெறும் பெயரால் விளித்து எழுத, பார்த்தியன் பதிலுக்குத் தன்னை 'அரசர்க்கரசன்' என்றும் அகஸ்டஸை வெறும் 'சீசர்' என்றும் எழுதியனுப்பினான். இரண்டு பேரரசுகள் பட்டத்துக்காக முறைத்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் அர்தாஷாத்திலிருந்தும் ஒரு கடிதம் ரோமுக்குப் போனது. ரோம் அமர்த்தியிருந்த போட்டியாளன் அர்த்தவஸ்தெஸ் நோயில் இறந்துவிட்டான் என்று தெரிந்ததும், டிக்ரான் அகஸ்டஸுக்குப் பரிசுகள் அனுப்பி, நாட்டைத் தனக்கே தரும்படி கேட்டான். கடிதத்தில் தன்னை அரசன் என்று அவன் குறிப்பிடவில்லை. அகஸ்டஸ் பரிசுகளை ஏற்றுக்கொண்டார். நல்ல நம்பிக்கையோடு சிரியாவுக்குப் போய்க் காயஸைப் பார் என்று பதில் எழுதினார்.

பார்த்தியன் பட்டத்தை விடவில்லை, கடைசியில் ஆர்மீனியாவை விட்டான். யூப்ரடீஸின் நடுவே ஒரு தீவில் காயஸும் அவனும் சந்தித்துச் சமரசம் செய்துகொண்டார்கள். முதலில் ரோமானியக் கரையிலும் பிறகு பார்த்தியக் கரையிலும் விருந்து நடந்தது. அப்போது இளம் படை அதிகாரியாக அங்கே நின்றிருந்த வெல்லெயஸ் பட்டெர்குலஸ் அதை வியந்து எழுதியிருக்கிறார். ஆர்மீனியர்களோ வெறும் பட்டத்தை விட்டுக்கொடுத்து நாட்டைக் கேட்டார்கள். பார்த்தியா கைவிடுவதற்கு முன்பே ரோமுக்கு ஒரு வழியைத் திறந்துவைத்திருந்தார்கள். கடிதம் டிக்ரானின் பெயரில்தான் போனது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இருவரும் மணத்தில் மட்டுமன்றி ஆட்சியிலும் இணைந்திருந்தார்கள் என்று சொல்வது நானல்ல, டாசிட்டஸ். ஆட்சி கூட்டு என்றால் அதன் சாமர்த்தியமும் கூட்டுதான். தோல்வியை மட்டும் அவள் பெயரிலும் சாமர்த்தியத்தை மட்டும் அவன் பெயரிலும் எழுதுவது ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிற வேலை.

அந்தக் கடிதம் பலன் தருவதற்குள், ஏதோ ஓர் எல்லைப் போரில் டிக்ரான் மாண்டான். எராத்தோ ஆட்சியைத் துறந்தாள். டியோவின் சொல் அது. அவளைத் துரத்தியதாக அவர் சொல்லவில்லை, துறந்ததாகத்தான் சொல்கிறார். சுருக்கமாக எழுதுகிறவர்கள் இதையும் பலவீனம் என்றே வாசிக்கிறார்கள். அவள் நிலையில் நின்று பாருங்கள். பார்த்தியா கைகழுவிவிட்டது. சிரியாவில் ரோமானியப் படை காத்திருக்கிறது. கணவன் இல்லை. அகஸ்டஸின் வாக்குறுதியும் செத்தவனுக்குக் கொடுத்தது. தாத்தா ரோமானியத் தளபதியின் பேச்சை நம்பிப் போய் விலங்கில் முடிந்தது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் மறந்திருக்காது. இத்தனைக்கும் நடுவே அரியணையைப் பிடித்துத் தொங்கியிருந்தால் அவள் காயஸின் வெற்றி ஊர்வலத்தில் விலங்கோடு நடந்திருப்பாள், அல்லது அதற்கு முன்பே செத்திருப்பாள். அவள் இறங்கினாள். உயிரோடு இருந்தாள். சில ஆண்டுகளில் திரும்ப ஏறினாள். அந்த அரியணையை விட்டவர்களில், அவளைத் தவிர வேறு யாரும் தன் விருப்பத்தில் இறங்கியதாக நமக்கு வந்த பதிவுகளில் இல்லை.

அவள் இறங்கியதால் ரோமுக்கு என்ன கிடைத்தது என்பதையும் யாரும் கேட்பதில்லை. ரோம் ஒரு மேதியனை அரசனாக்கியது. எதிர்த்த ஆர்மீனியர்கள் அர்தகிரா கோட்டைக்குள் புகுந்து போரிட்டார்கள். கோட்டைத் தலைவன் அத்தோன் பார்த்தியப் பொக்கிஷங்களின் ரகசியம் சொல்வதாக ஆசைகாட்டிக் காயஸை மதில் அருகே வரவழைத்துக் குத்திவிட்டான். இது நடந்தது கி.பி. 3இல். காயம் ஆறவில்லை. காயஸ் பதவிகளைத் துறந்து ஊர் திரும்பும் வழியில், லிசியாவின் லிமிராவில் கி.பி. 4 பிப்ரவரியில் இறந்தான். அவனுக்கு வயது 23. அகஸ்டஸ் தனக்குப்பின் ஆளவேண்டும் என்று வளர்த்த பிள்ளை அவன். அவனுடைய தம்பி லூசியஸ் அதற்கு முன்பே இறந்துவிட்டதால் ரோமின் வாரிசுரிமை திபேரியஸிடம் போனது. ஆர்மீனிய அரியணையில் தன் ஆளை உட்கார வைக்கப்போன ரோம் தன் அரியணைக்கு வைத்திருந்த ஆளை இழந்தது. லிமிராவில் காயஸுக்கு எழுப்பிய நினைவுக் கட்டடத்தின் இடிபாடு இன்றும் இருக்கிறது. பொம்மையாட்டம் ஆடியவர்களுக்கு விழுந்த அடி அது.

இனி அந்த உடன்பிறந்தோர் திருமணம். அதைச் சரி என்று நான் வாதாடப்போவதில்லை. நம் கண்ணுக்கும் அது உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் உறுத்தல் வேறு, காரணம் வேறு. டாசிட்டஸ் அதை அந்நிய வழக்கம் என்று சொல்லி மூக்கைச் சுளிக்கிறார். எகிப்தின் தாலமி அரசர்கள் நூற்றாண்டுகளாகச் செய்த வழக்கம் அது. பக்கத்து ஈரானில் நெருங்கிய உறவுக்குள் மணப்பதைப் புண்ணியமாகவே கருதினார்கள். வம்சத்தின் சீரழிவு என்று அதை வாசிக்கிறவர்கள், ரோம் ஆர்மீனியாவுக்குத் தேடிப்பிடித்த அரசர்களின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். ஒருவன் மேதியன். ஒருவன் யூதேயாவின் ஏரோதுக்குப் பேரன், கப்படோசிய அரசனின் மகள்வழி வாரிசு. எங்கேயாவது ஒரு துளி ஆர்மீனிய ரத்தம் இருந்தால், இல்லாவிட்டாலும்கூட, அவனை அரசனாக்க ரோம் தயாராக இருந்தது. எராத்தோவை ஓர் அண்டை நாட்டு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தால், அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளை அகஸ்டஸின் கையில் அடுத்த வேட்பாளனாக வளர்ந்திருப்பான். வீட்டுக்கதவை உள்ளே தாழிட்ட வேலை அந்தத் திருமணம். அழகான வேலை என்று சொல்லவில்லை. வெளியே நின்றவர்கள் யார் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

இதற்குச் சான்று அவளுடைய நாணயத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் டிக்ரானின் தலை. மறுபக்கம் எராத்தோவின் தலை. அவள் முகத்தைச் சுற்றிக் கிரேக்க எழுத்தில், அவள் டிக்ரான் மன்னனின் சகோதரி எராத்தோ என்று பொறித்திருக்கிறது. பாருங்கள், அங்கேயும் அவளுக்கு ஓர் ஆணின் பெயரைச் சொல்லித்தானே அறிமுகம், 'அரசி' என்ற பட்டம்கூட இல்லையே என்கிறார்கள். பட்டம் இல்லாதது உண்மை. ஆனால் அங்கே 'மனைவி' என்றும் இல்லை. மனைவி என்று போட்டிருந்தால் அவள் அந்த அரியணைக்குத் தாலி வழியாக வந்தவள். தாலி அறுந்தால் உரிமையும் போய்விடும். சகோதரி என்றால் அவளும் மூன்றாம் டிக்ரானின் பிள்ளை. ரத்தத்தின் வழி வந்த உரிமை, கணவன் இறந்தாலும் இறக்காது. அந்த ஒரு சொல்லின் பலத்தில்தான், விதவையான பிறகும் சில ஆண்டுகள் கழித்து அவள் திரும்ப வர முடிந்தது. வேறு யாருடைய மகனும் பேரனும் செல்லாத சந்தையில் அவளுடைய பெயர் செல்லுபடியானது.

பெண்ணாட்சியை முயன்று பார்த்துக் கைவிட்டார்கள் என்ற தொனியில் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. பெண்ணாட்சி ஓர் அசம்பாவிதம், ஆண்கள் தீர்ந்துபோனபின் செய்து பார்க்கும் பரிசோதனை என்பது அந்த அனுமானம். எராத்தோவின் சமகாலத்தைச் சுற்றிப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் மெரோயிலிருந்து படையெடுத்து ரோமோடு மோதிய கந்தாகே அரசியின் தூதர்கள், ஏறத்தாழ எராத்தோவின் அப்பாவுக்கு முடிசூட்டிய அதே காலத்தில், சாமோஸ் தீவில் அகஸ்டஸைப் பார்த்து வரிவிலக்கோடு திரும்பினார்கள். கருங்கடலின் வடகரையில் பொஸ்பொரஸை ஆண்டவள் டைனமிஸ். பார்த்தியாவில், ஐந்தாம் ஃபிராட்டெஸின் தாய் மூசா, அகஸ்டஸ் பரிசாக அனுப்பிய அடிமைப்பெண். அவள் முகம் பார்த்திய நாணயத்தில் ஏறியது. ஆர்மீனியாவுக்கு மேற்கே போந்துஸை ஆண்ட பித்தோடோரிஸை, அந்த ஊர்க்காரரான புவியியலாளர் ஸ்ட்ராபோ அறிவும் ஆளும் திறனும் உள்ளவள் என்று மனதாரப் பாராட்டியிருக்கிறார். அந்தக் கருங்கடல்-யூப்ரடீஸ் வட்டாரத்தில் பெண் ஆள்வது அசம்பாவிதமாக இருக்கவில்லை. ரோமின் செனட்டில் உட்கார்ந்து எழுதியவருக்குத்தான் அது அசம்பாவிதம்.

அவளைத் துரத்தியது உண்மைதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் துரத்தியவர்கள் அவளுக்குப் பதிலாக யாரைப் பிடித்தார்கள்? பார்த்திய மன்னன் நான்காம் ஃபிராட்டெஸின் மகன் வோனோனெஸை. ரோமில் பிணையாளாக வளர்ந்து, பார்த்தியாவுக்கு அரசனாகத் திரும்பி, குதிரை ஏறாமல் பல்லக்கில் போகிற ரோமானியப் பழக்கங்களால் அங்கே வெறுக்கப்பட்டு, ஓடிவந்தவன். ஆண்தான். அரச வம்சம்தான். சில ஆண்டுகளில் ரோமின் சிரிய ஆளுநர் அவனைக் கூப்பிட்டு வீட்டுக்காவலில் வைத்தார். கி.பி. 19இல் தப்பியோட முயன்று கொல்லப்பட்டான். இதையெல்லாம் டாசிட்டஸே விரிவாக எழுதுகிறார். ஆனால் ஓர் ஆணாட்சியையும் முயன்று பார்த்தார்கள் என்று அவனைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை. ஆண் தோற்றால் அது வோனோனெஸின் தோல்வி. பெண் தோற்றால் பெண்ணினத்தின் தோல்வி. "பெண்புத்தி பின்புத்தி" என்பதன் லத்தீன் வடிவம் இதுதான்.

டாசிட்டஸைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல. ரோமின் பாவங்களை ரோமானியர்களுக்கே எழுதிக் காட்டிய பெரிய மனிதர் அவர். ஆர்மீனியாவைப் பற்றிய இதே பகுதியைத் தொடங்கும்போது, ஆண்டனி நட்பின் பெயரால் அர்த்தவஸ்தெஸைப் பிடித்துக் கொன்றதுதான் அந்த நாட்டை ரோமுக்குப் பகையாக்கியது என்று அவர்தான் சொல்கிறார். அப்படியென்றால் ஆர்மீனியர்கள் ரோம் அனுப்பியவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தள்ளியதற்குக் காரணம் அவர்களுடைய நிலையின்மை அல்ல, அவர்களுடைய நினைவாற்றல். சில வரிகள் கழித்து இதே ஆர்மீனியர்களை, எஜமானன் இல்லாதவர்களே தவிர சுதந்திரர்கள் அல்ல என்ற பொருளில் அவர் ஏளனம் செய்யும்போது, தான் சொன்ன காரணத்தைத் தானே மறந்துவிடுகிறார். எராத்தோவுக்கு எதிரான சாட்சி முந்தைய பத்தியிலேயே அவளுக்குச் சாதகமாகப் பேசிவிட்டது.

கடைசியாக, என் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அவள் பெயரில் ஒரு வெற்றியும் இல்லை, ஒரு நகரமும் இல்லை, அவளோடு இருநூறு ஆண்டு வம்சமே முடிந்தது. இதில் மறுக்க ஒன்றுமில்லை. எராத்தோவுக்குச் சிலை வைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்ற பழமொழியைப் பாதி வரலாறாக்கி, இடிபட்டவர்களுக்கு மனமே இல்லை என்று மீதி வரலாற்றையும் எழுதிவிடுவதைத்தான் மறுக்கிறேன். ஆர்மீனியாவுக்கு மனம் இருந்தது. கி.பி. 18இல் ரோமானியத் தளபதி ஜெர்மானிகஸ் அர்தாஷாத்துக்கு வந்து முடிசூட்டிய ஜீனோ பதினாறு ஆண்டுகள் அமைதியாக ஆண்டான். சிறுவயதிலிருந்தே ஆர்மீனிய வழக்கங்களில் பழகியவன் என்பதால்தான் மக்கள் அவனை ஏற்றார்கள் என்கிறார் டாசிட்டஸ். இத்தனை அரசர்களைத் தேடியலைந்த ரோம் கடைசியில் பொருத்தமானவனைக் கண்டுபிடித்தது போந்துஸின் அரசி பித்தோடோரிஸின் வீட்டில். அவள் பெற்ற மகன் ஜீனோ. அவனுக்குப்பின் மறுபடி ஒரு தலைமுறை மோதியபின், கி.பி. 63இல் ரந்தேயாவில் இரு பேரரசுகளும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. அரசன் பார்த்திய வம்சத்தில் வருவான், முடியை ரோம் சூட்டும். அந்த ஏற்பாட்டில் வந்த வம்சம் கி.பி. 428 வரை நீடித்தது. இரண்டு பக்கத்தின் ஒப்புதலும் இல்லாமல் அந்த மலையில் யாரும் ஆள முடியாது என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். பார்த்தியாவின் ஆதரவோடு வந்து ரோமுக்குக் கடிதம் எழுதிய அந்த இருவரும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தேடியது இதைத்தான்.

அகஸ்டஸ் தன் சாதனைகளை எழுதிவைத்த சாசனம் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. ஆர்மீனியாவை மாகாணமாக்க முடிந்தும் ஆக்காமல் அரசர்களைக் கொடுத்தேன் என்று அதில் பெருமைப்படுகிறார். கொல்லப்பட்டவர்கள், தான் அனுப்பியவர்கள் என்று பெயர்களை அடுக்குகிறார். எல்லாம் ஆண்பெயர்கள். நான்காம் டிக்ரானும் எராத்தோவும் ஆண்ட ஆண்டுகள் 'கலகம்' என்ற ஒரு சொல்லுக்குள் பெயரில்லாமல் போய்விட்டன. அகஸ்டஸ் கொடுத்த அரசர்களில், தூக்கியெறியப்பட்ட அந்த முதல் அர்த்தவஸ்தெஸைத் தவிர மற்றவர்களுக்கு அந்தச் சுவரில் இடம் கிடைத்தது. எராத்தோ அவர் கொடுத்தவள் இல்லை. அந்தச் சுவரில் அவள் பெயர் இல்லாததுதான், அவள் யாருடைய பொம்மையும் இல்லை என்பதற்கு அவரே எழுதிக்கொடுத்த சான்று.